தொரைக்கென்று வாங்கிய தூண்டில்

பதுளையிலிருந்து ஹாலிஎல போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இருவர். ஒருவர் மடியில் ரீல் வைத்த புதுத் தூண்டில்.

"எனக்குன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சுண்ணே. நம்ம தோட்டத்துத் தொரைக்குன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"தூண்டில் விக்கிற கடைக்கார நானாகிட்ட. மலிவா, நல்லா ஒழைக்கிறதா கேட்டேன். 'லயத்துல குடியிருக்கிற கூலி ஆளுக்கு ரீல் எதுக்கு?'ன்னு சிரிச்சாரு. அதான் அப்பிடிச் சொன்னேன். திரும்பினா, தொரை பின்னாடியே நிக்கிறாரு."

"ஐயோ! ஏசினாரா?"

"இல்லண்ணே. 'ஆமா, எனக்குத்தான்'னு சொல்லி, ஒவ்வொரு ரீலா சுத்திப் பாத்து, 'வெலைக்கு இதுதான் தகும்'னு எடுத்துக் குடுத்தாரு. காசக் குடுத்துட்டு ஓடி வந்துட்டேன்."

"நல்ல மனுசன்தானே?"

தூண்டில்காரர் ரீலை மெல்லச் சுற்றினார்.

"ஏசியிருந்தா தேவலண்ணே. காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல அவரு மொகத்த எப்பிடிப் பாப்பேன்?"