எட்டுப் பேருக்கு இடமுள்ள மஞ்சள் பெட்டி

நம்மை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, திறந்த பிறகு நலம் விசாரிக்கும் நல்லவர், இரண்டாம் மாடிப் பல் மருத்துவர், இந்த அவையின் தலைவர் அவர்களே, தெருவில் எத்தனை வண்டி சாய்ந்தாலும் தன் தைரியம் சாயாமல் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நம் சங்கச் செயலாளர், நாம் அன்போடு ‘கிளட்ச் அக்கா’ என்று அழைக்கும் அக்கா அவர்களே, முன்வரிசையில் முழங்கால் வலியையும் முகமலர்ச்சியையும் ஒன்றாகச் சுமந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளையை மடியில் வைத்து, போனைக் கையில் வைத்து, காதை மட்டும் எனக்கென்று ஒதுக்கியிருக்கும் தாய்மார்களே, அந்தக் காதையும் கொடுக்காமல் இரண்டு பக்கமும் இயர்போன் செருகி மேட்ச் கேட்டுக்கொண்டிருக்கும் கடைசி வரிசைத் தம்பிகளே, மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் வணக்கம் உங்கள் எல்லாருக்கும்.

தம்பி, ஒரு பக்கத்தையாவது கழற்றுங்கள். நன்றி. யார் ஜெயிக்கிறார்கள்? சரி, அப்படியானால் இரண்டு பக்கத்தையும் கழற்றிவிடலாம்.

நம் குடியிருப்பின் பொது அலமாரியை இன்று திறந்து வைக்கிறோம். வேண்டியவர் எடுக்கலாம், வேலை முடிந்ததும் வைக்கலாம். மேடையேறும் முன் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அடேயப்பா, எத்தனை அழகுப் பொருட்கள். உள்ளங்கையில் ஒளியும் பவர் பேங்க், கழுத்தில் தொங்கும் இயர்போன், புத்தகத்தின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு வெளிச்சம் கொடுக்கும் குட்டி விளக்கு, படுத்துக்கொண்டே படம் பார்க்கப் போனைப் பிடித்துக்கொள்ளும் வளைகம்பி. நடுத்தட்டில், பூனைக்காது வைத்த ரோஸ் நிற ஹெட்போன் ஒன்று. யார் கொடுத்தது என்று அட்டையைப் பார்த்தேன். தலைவர் அவர்களே, உங்களுடையதா? தலையை ஆட்டுகிறார். சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்காக வாங்கியதாம். நம்புவோம்.

ஆனால் மேல்தட்டு காலி. அது ஏன் காலி என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அங்கே வரவேண்டியது எங்கள் வீட்டு மஞ்சள் ஸ்பீக்கர். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. கொடுப்பதா, திரும்ப மேலே கொண்டுபோவதா என்று படியிறங்கும்போதும் முடிவு செய்யவில்லை, மேடையேறும்போதும் முடிவு செய்யவில்லை. பேசிப் பார்க்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

என் தொழில் இயர்போன்களைச் சோதிப்பது. எங்கள் சோதனை அறையில் கழுத்துவரை ஒரு பொம்மைத் தலை உண்டு. இரண்டு ரப்பர் காதுகள், காதுகளுக்குள் மைக். வருகிற இயர்போனையெல்லாம் அந்தக் காதில் மாட்டி, சத்தம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கணினியில் கோடு போட்டுப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி ஒருநாள் அங்கே வந்தாள். நான் அந்தக் காதைத் துணியால் பக்குவமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவருகே நின்று பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இவங்கதான் உங்க மூத்த சம்சாரமா?”

அன்றிலிருந்து அந்தப் பொம்மைக்கு எங்கள் அலுவலகத்தில் ‘பெரியக்கா’ என்று பெயர். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட, பெரியக்காவுக்கு மாட்டிப் பார்த்தாச்சா என்றுதான் கேட்கிறார்.

அவள் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவள். நான் சத்தத்தை அளப்பவன், அவள் சாயத்தை அளப்பவள். நீங்கள் மஞ்சள் என்று சொன்னால் விட்டுவிடுவாளா? எந்த மஞ்சள் என்று கேட்பாள். எலுமிச்சை மஞ்சளா, முட்டைக்கரு மஞ்சளா, வெயிலில் நின்று வெளுத்த பள்ளிப் பேருந்தின் மஞ்சளா? உடுப்புக்கு ஒரு நிறத்தில் இயர்போன் உறை, செருப்புக்கு ஒரு நிறத்தில் போன் உறை என்று அவள் கிளம்பினால், கூட நடக்கிற நான் அவளுடைய சார்ஜரைப் போல இருப்பேன்.

ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போனோம். நான் வீட்டிலேயே கணக்குப் போட்டு வந்திருந்தேன். கறுப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. கறுப்பை எடுத்து, “இதுல ரெண்டு டெசிபல் சத்தம் கூட வருது” என்றேன். அவள் மஞ்சளைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ரெண்டுதானே? அதை நான் கொஞ்சம் சத்தமா பேசிச் சரிக்கட்டிடறேன்.”

அவையோரே, படித்தவன் நான். பட்டம் வாங்கியவன் நான். பெரியக்காவின் காதையே அளந்தவன் நான். ஆனால் அந்தக் கடையில் என் பக்கம் யார் நின்றார்கள்? கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. மஞ்சளுக்குப் பில் போட்டுவிட்டார்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் தங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதிலே ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்தால் உங்கள் போனோடு அறிமுகம் செய்துகொள்ளும். அறிமுகமான போன் பக்கத்தில் வந்தால், கேட்காமலே போய்க் கைகுலுக்கும். என் மனைவிக்கும் அந்தப் பெட்டிக்கும் குணத்தில் அதிக வித்தியாசம் இல்லை. யார் கேட்டாலும் பொத்தானை அழுத்திப் பிடித்து அறிமுகம் செய்து கொடுத்தனுப்புவாள். பல் மருத்துவருக்கு, கிளட்ச் அக்காவுக்கு, கீழ்த்தளத் தையல் அண்ணனுக்கு, முற்றத்தில் காலை உடற்பயிற்சி நடத்தும் நம் ‘கைதூக்கு அத்தைக்கு’.

அந்தக் கைகுலுக்கலால் என்ன நடந்தது? சிரிக்கிறீர்கள், நினைவிருக்கிறது. இருந்தாலும் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தையல் அண்ணன் எதையும் எழுதி வைக்க மாட்டார். இரண்டு கையிலும் அளவு நாடா இருப்பதால், அளவுகளை வாயால் சொல்லிப் போனில் பதிந்துகொள்வார். அன்று காலை முற்றத்தில் தாய்மார்கள் வரிசையாக நிற்க, அத்தையின் போனிலிருந்து பெட்டி வழியாகப் பாட்டு வர, எல்லாருடைய கையும் வானத்தை நோக்கி உயர்ந்த நேரத்தில், அத்தையின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பெட்டி சும்மா இருக்குமா? பக்கத்தில் அறிமுகமான போன் எது என்று தேடியது. தையல் அண்ணன் கடைக்குள் உட்கார்ந்து தன் பதிவைப் போட்டுக் கேட்கத் தொடங்கிய நேரமும் அதுதான். முற்றம் முழுக்க அவர் குரல்.

“இடுப்பு நாப்பத்திரண்டு. போன தடவையைவிட ரெண்டு இஞ்ச் கூட்டியிருக்கேன். அவங்ககிட்ட சொல்ல வேண்டாம்.”

உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன. பிறகு ஒவ்வொரு கையாக இறங்கி, அவரவர் இடுப்புக்குப் போனது. எங்கள் வீட்டுச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது யாருடைய அளவு என்று இன்றும் சொல்ல மாட்டேன். முன்வரிசையிலிருந்து ஒரு பார்வை என்னைச் சுடுகிறது. தையல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். நான் மட்டும் திரும்பி வந்தேன். இதை இதற்குமேல் நீட்டிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்களும் அன்று வாசலில் நின்றீர்கள்.

அதன் பிறகு எனக்கு ஒரு பெரிய ஹெட்போன் துணையானது. வெளியிலுள்ள சத்தத்தை விழுங்கிவிடும் வகை. மாட்டினால் மின்விசிறி நிற்கும், தெரு நிற்கும், ஊர் நிற்கும். அதில் நான் பாட்டு எதுவும் போடவில்லை. வெறுமனே மாட்டிக்கொண்டேன். ஹெட்போன் மாட்டியவனிடம் யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை. இதை எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் போடுவதில்லை. என் அம்மா ஒருநாள் முன்னால் வந்து நின்று சைகை காட்டினார். ஒரு பக்கத்தைத் தூக்கினேன்.

“என்ன பாட்டுடா கேக்குற?”

“ஒண்ணுமில்லம்மா.”

“நல்லாருக்கா?”

“இருக்கும்மா.”

கையை நீட்டினார். கொடு, நானும் கேட்கிறேன் என்று வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி, அசையாமல், வெகுநேரம் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, சமையல் மேடையெல்லாம் ஓடி, நான்தான் எழுந்து போய் அணைத்தேன். பல நாள் கழித்து நான் ஒரு காரியத்துக்காக எழுந்து ஓடியது அன்றுதான். அம்மா ஹெட்போனைக் கழற்றி, நல்லாத்தான் இருக்கு, ஆனா பாலுக்குக் காசு நீதான் கொடுக்கணும் என்றார். அதோ உட்கார்ந்திருக்கிறார். இல்லை என்று கையை ஆட்டுகிறார். ஆமாம் அம்மா, அப்படித்தான் சொன்னீர்கள்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. இந்தப் பெட்டி எட்டுப் போன்களைத்தான் நினைவில் வைக்கும். ஒன்பதாவது வந்தால், முதலில் வந்ததை மறந்துவிடும். ஒரு வீட்டுக்கு எட்டுப் போதாதா என்று நினைத்து யாரோ வகுத்தது. அவர்கள் என் மனைவியைப் பார்த்ததில்லை. எட்டு இடமும் நிரம்பிவிட்டது. முதல் இடம் அவளுடைய போன்.

அந்தப் போனை நான் அணைக்கவில்லை. சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன். மாலையில் வேலையிலிருந்து வந்து பெட்டியைத் தட்டினால், அவள் போனை அது தேடிக் கண்டுபிடித்து, டிங் என்று ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான். பாட்டு வேண்டாம். அந்த ஒரு டிங்.

அப்படியிருக்கும்போது கைதூக்கு அத்தையின் போன் துணி அலசும் வாளிக்குள் விழுந்துவிட்டது. புதுப் போன் வாங்கினார். புதுப் போன் என்றால் ஒன்பதாவது போன். கதவைத் தட்டி, பெட்டியைக் கொஞ்சம் குடுப்பா என்று கேட்டார். நான் எட்டையும் ஒன்பதையும் அவருக்கு விளக்கினேன். பாதி புரிந்திருக்கும். முதல் இடம் யாருடையது என்று மட்டும் நன்றாகப் புரிந்தது. இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து முற்றத்தில் பாட்டு இல்லை. அத்தை வாயாலேயே எண்ணினார். பதினொன்றுக்குப் பிறகு ஒன்பது வந்தது. யாரும் திருத்தவில்லை.

பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை இந்த மேடையில் சொல்லாவிட்டால் நான் மனிதனில்லை. ஒருநாள் மாலை கிளட்ச் அக்கா வந்தார். உட்காரவில்லை. போனை நீட்டினார்.

“என்னோடதை எடுத்துடு தம்பி. அத்தையை அந்த இடத்துல போட்டுக்கோ. உன் சம்சாரம் பேரு அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அடுத்து தையல் அண்ணன் வந்தார். என் போனால் வந்த வம்பு போதும், முதலில் அதைத் தூக்கு என்றார். அதன் பின் தலைவர், கையுறையைக்கூடக் கழற்றாமல். பேருந்தில் ஓர் இருக்கைக்கு எத்தனை சண்டை பார்த்திருக்கிறோம்? இங்கே என்னவென்றால், ஒரு சின்னப் பெட்டிக்குள் தங்களுக்கு இருந்த இடத்தை விட்டுக்கொடுக்க வரிசையில் நின்றார்கள். இறந்துபோன ஒருத்திக்காக. அவள் உட்கார்ந்திருக்கட்டும் என்று.

நீட்டிய போன்களை அவரவர் கையிலேயே திருப்பி வைத்தேன். காரணம் இரண்டு. ஒன்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்று தொழில்நுட்பம். இந்தப் பெட்டியில் ஒருவரை மட்டும் எடுக்க வழியில்லை. எடுத்தால் எட்டையும் மொத்தமாகத்தான் எடுக்கலாம். இல்லையென்றால் முதலில் வந்தவர் போக வேண்டும்.

கடைசி வரிசைத் தம்பி ஏதோ கேட்கிறார். அவங்க போனை நீங்களே மறுபடி சேர்த்துக்கலாமே என்கிறார். சரியான கேள்வி, தம்பி. சேர்க்கலாம். ஆனால் இப்போது இருப்பது அவள் விரல் அழுத்திச் சேர்த்தது. நான் சேர்த்தால் அது நான் சேர்த்ததாகிவிடும். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

நேற்று அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் போட்ட ஒரு சண்டை ஞாபகத்துக்கு வந்தது. அவள் எட்டாவது ஆளுக்கு அதைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, நான் ஒரு பொறியாளனுக்குரிய முகத்தோடு எச்சரித்தேன். இன்னும் ஒருத்தருக்குக் கொடுத்தால் முதலில் உன்னுடையதுதான் போகும் என்றேன். அவள் தலையை வாரிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

“போகட்டுமே. கேக்குறவங்களுக்கு இல்லைன்னா சொல்ல முடியும்? நான் வீட்லதானே இருக்கேன்.”

அன்று எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அலட்சியமா என்று. பெரியோர்களே, தாய்மார்களே, அது அலட்சியமா? தன் இடம் போனாலும் தான் போகமாட்டோம் என்று இருந்தவள் அவள். அடுத்தவர் கைக்குப் போனால்தான் பெட்டி பாடும் என்று இருந்தவள் அவள். அந்த முதல் இடத்துக்குக் காவல் இருந்தது நான். அவள் ஒருநாளும் காவல் இருந்ததில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் செய்யவே செய்யாத ஒன்றை அவள் பெயரால் நான் செய்துகொண்டிருக்கலாமா? முற்றத்தைப் பாட்டில்லாமல் ஆக்கலாமா? கேட்டவருக்கு இல்லை என்று சொல்லலாமா?

நன்றி. கை தட்டுவது போதும், அப்புறம் என்னால் பேச முடியாது.

அத்தை, மேலே வாங்க. புதுப் போனையும் எடுத்துட்டு வாங்க. படியைப் பார்த்து. தலைவர் அவர்களே, கொஞ்சம் கை கொடுங்கள்.

இதோ பெட்டி. எவ்வளவு மஞ்சள் என்று பாருங்கள். பொத்தானை அழுத்திப் பிடிக்கிறேன். நீல வெளிச்சம் சிமிட்டுகிறது. தேடுகிறது. அத்தை கண்ணாடியை மூக்கில் இறக்கி, போனை எட்டப் பிடித்துப் படிக்கிறார்.

“சேத்துக்கவான்னு கேக்குது தம்பி. அமுக்கட்டுமா?”

அமுக்குங்க அத்தை.

டிங்.

கேட்டதா? பின்வரிசைக்குக் கேட்டதா? எனக்குக் கேட்டது.

அவையோரே, பேச வாய்ப்புக் கொடுத்த சங்கத்துக்கும், பேச்சைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், உங்களுக்கென்று இருந்த இடத்தை விட்டுத்தர என் வாசலில் வரிசையாய் நின்ற ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டவன். மேல்தட்டு இனிக் காலியில்லை. பெட்டியை அங்கே வைப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேண்டுகோள். அத்தை பாட்டைப் போட்டுவிட்டார். எல்லாரும் எழுந்திருங்கள். தலைவர் அவர்களே, நீங்களும்தான். அம்மா, மெதுவாக, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. இரண்டு கையையும் மேலே, இன்னும் மேலே.

கையெடுத்துக் கும்பிட வேண்டிய நேரத்தில் கை தூக்கி நிற்கிறேன். இதையே என் வணக்கமாக ஏற்றுக்கொள்ளுங்கள். யாரும் இறக்காதீர்கள். அத்தை இன்னும் சொல்லவில்லை.