குதிரையின் பின்னங்கால்

கரீம்: ...அட, மெல்ல நடங்க கேசவண்ணா. முன்னங்காலு பாட்டுக்கு வெசையாப் போனா பின்னங்காலு பறந்தா வாரது?

கேசவன்: உஸ்... மேடைக்கு வந்துட்டோம் பாய். பேச்சு வெளிய கேக்கும்.

கரீம்: கேக்காதுங்க. உள்ள சாக்கு, அதுக்கு மேல கம்பளி, அதுக்கும் மேல வெல்வெட்டு. இந்தக் குதிரையைத் தெச்சவனே நாந்தானுங்க. இதுக்குள்ள ஒருத்தன் கழுத்தை நெரிச்சாக்கூட வெளிய தெரியாது.

கேசவன்: நல்ல நாளும் அதுவுமா வாயைப் பாருங்க... நில்லுங்க, நில்லுங்க. நான் தலையை ஆட்டோணும். ...ஆட்டிட்டேன். சிரிக்கறாங்க.

கரீம்: நான் வாலை ஆட்டட்டுங்களா?

கேசவன்: ஆட்டுங்க. கவுத்தை இழுத்தா ஆடும்.

கரீம்: கவுறு எங்க இருக்குதுன்னு எனக்கே சொல்றீங்களா? ...இந்தா, ஆட்டியாச்சு. வருசா வருசம் பொங்கலுக்கு ராசாவா நின்னவன். இந்த வருசம் வாலை ஆட்டற உத்தியோகம்.

கேசவன்: ஆரம்பிச்சுட்டீங்களா மறுக்கா...

தம்பிதுரை (மைக்கில்): அன்பான குழந்தைகளே! சிங்காநல்லூர் காலனி மன்றத்தின் ஊமை நாடகத்தில் இப்போது நீங்கள் பார்ப்பது குதிரை இல்லை, ராஜா! சித்தி ராணி ஆசையாகக் கொடுத்த பாலைக் குடித்தார், குதிரையாகிப் போனார். அரண்மனையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. நேற்றுவரை காலில் விழுந்து கும்பிட்ட மந்திரி இன்றைக்குச் சாட்டையோடு வருகிறார், பாருங்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மந்திரிமார் கும்பிட்டதெல்லாம் கிரீடத்தைத்தானே தவிர ஆளை இல்லை!

கரீம்: நம்ம தம்பிதுரை நல்லாத்தான் கதை சொல்றான்.

கேசவன்: அவன் ஒருத்தனை நம்பித்தானே நாடகமே நடக்குது. மில்லுல டபுள் சிப்ட்டு பாத்துப்போட்டு வாரவனுக்கு வசனம் எங்க மனப்பாடம் ஆகுது? வாயை மூடிட்டு நின்னாப் போதும்னு ஊமை நாடகமா ஆக்குனது நெம்ப நல்லதாப் போச்சு... பாய், மந்திரி சாட்டையை ஓங்கறான். குனிஞ்சுக்குங்க.

கரீம்: குனிஞ்சேதானுங்க கெடக்கறேன். நிமிந்து எங்க நின்னேன்?

கேசவன்: இடுப்பு வலிக்குதுங்களா?

கரீம்: வலிச்சா மட்டும்? ...அண்ணா, உங்களுக்குத்தான் குதிரை வாயில ஓட்டை வெச்சுக் குடுத்திருக்கேன். எனக்கு இங்க உங்க அரைஞாண் கவுத்தைத் தவிர ஒண்ணும் தெரியறதில்லை. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மொத வரிசையில ரம்ஷா உக்காந்திருக்குதா?

கேசவன்: ஆரு?

கரீம்: என்ற புள்ளைங்க. அவ அம்மா ரம்ஜான் பீவிகூட வந்திருப்பா. பச்சைப் பாவாடை.

கேசவன்: ஆங்... இருக்குது, இருக்குது. அம்மா மடியில உக்காந்திருக்குது.

கரீம்: சிரிக்குதுங்களா?

கேசவன்: சிரிக்காம? வாயெல்லாம் பல்லு.

கரீம்: ...சரி. சரிங்க.

கேசவன்: எடது பக்கம் திரும்பறோம். மெல்ல... மெல்ல... அவ்வளவுதான்.

கரீம்: இந்த வருசமும் ராசா நீதானே அத்தா, அப்படின்னு கேட்டா. இல்லை கண்ணு, அத்தா குதிரைன்னேன். அழுதுபோட்டா அண்ணா. ஓன்னு அழுதுபோட்டா.

கேசவன்: கொழந்தைதானுங்க...

கரீம்: அப்பறம் நாந்தான் சமாதானம் பண்ணேன். நாடகம் முடியறப்ப எல்லாத்தையும் வரிசையா நிறுத்தி வேசத்தைக் கழட்டச் சொல்லுவாங்க, தம்பிதுரை மாமா மைக்குல ஒவ்வொருத்தரு பேராச் சொல்லுவாரு, அப்ப அத்தா குதிரை வயித்தைத் தொறந்துட்டு வெளிய வருவேன், நீ எந்திரிச்சு நின்னு கை தட்டோணும்னேன். அதுக்குப் பொறகுதான் சோறே உங்குனா.

கேசவன்: தட்டும், தட்டும்.

கரீம்: எம்பேரைச் சொல்லுவாங்களல்லங்க?

கேசவன்: இதென்ன கேள்வி? சாமரம் வீசறவன் பேரையே சொல்றது நம்ம மன்றத்துல வழக்கம். உங்க பேரை உட்டுருவாங்களா?

கரீம்: கேட்டேன். அதுக்குத்தானே இதுக்குள்ளார வரவே ஒத்துக்கிட்டேன். முகந்தெரியாத வேசம்னாலும் கடசியில ஒருக்காத் தெரியுமே...

கேசவன்: உங்க நல்லதுக்குத்தான் பாய் இதெல்லாம். ஊருல குண்டு வெடிச்சு இன்னும் வருசம் திரும்பலை. நீங்க பாட்டுக்கு கிரீடம் வெச்சுட்டு நடுமேடையில நிக்க, எவனாச்சும் குடிச்சுப்போட்டு ஒரு கல்லைத் தூக்கிப் போட்டான்னா?

கரீம்: கல்லுக்குப் பயந்தா முடியுங்களா? கோட்டைமேட்டுல எங்கூட்டுக்குப் போற வழியில செக்போஸ்ட்டுல தெனமும் பையைத் தொறந்து காட்டறேன். கத்திரிக்கோலை எடுத்து வெச்சு, துணி வெட்டறதுக்குங்க சாமின்னு தெனமும் சொல்றேன். அது பழகிப்போச்சு. இங்க அப்படி இருக்காதுன்னு நெனச்சேன்.

கேசவன்: நானும்தான் சொன்னேன். கமிட்டியில அத்தனை பேரும் ஒரே புடியா நின்னாங்க. நான் ஒருத்தன் எத்தனை பேருகூட மல்லுக்கட்டறது? குதிரையிலயாச்சும் பாய் இருக்கோணும்னு சண்டை புடிச்சு வாங்குனேனாக்கும்.

கரீம்: தெரியுமுங்க. நீங்க இல்லைன்னா இந்த வாலுகூட எனக்குக் கெடைச்சிருக்காது.

கேசவன்: ...குத்திப் பேசறீங்களா?

கரீம்: இதுக்குள்ள எங்க கையை வீசறதுக்கு எடமிருக்குது, குத்தறதுக்கு?

தம்பிதுரை (மைக்கில்): ஊரார் அடித்தார்கள், சேவகர் துரத்தினார்கள். ஆனால், ராஜாவின் சின்ன மகள் மட்டும் பாவாடை மடியில் கொள்ளு கட்டிக்கொண்டு வருகிறாள். குதிரையின் கண்ணைப் பார்க்கிறாள். பெரியவர்களே, நீங்கள் பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள். அப்பா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாவம், குதிரைக்குத்தான் பதில் சொல்ல வாய் இல்லை!

கேசவன்: புள்ள வந்துருச்சு. கழுத்தைக் கட்டுது... ஒண்ணும் அசையாதீங்க.

கரீம்: ரம்ஷா பாக்கறாளா?

கேசவன்: கண்ணை எடுக்காமப் பாக்குது.

கரீம்: அழுகறாளா?

கேசவன்: இல்லை... ஆமா, லேசா. கண்ணைத் தொடைக்குது. அட, பேசாமப் பொட்டாட்ட இருங்க பாய். இனித்தான் நெசமான கட்டம். சாம்பிராணிப் பொகை போடறாங்க. பொகையோட பொகையாப் பின்னால நகந்து ஓரத் திரைக்கு அந்தப் பக்கம் போயரோணும். வாங்க... வாங்க... ஆச்சு.

தம்பிதுரை (மைக்கில்): சாபம் தீர்ந்தது! இதோ, ராஜா!

கேசவன்: கை தட்டறதைக் கேட்டீங்களா! பாய்... என்ற பையன் நிக்கற நெலையைப் பாருங்க. சாய்குமாரு... அடேயப்பா.

கரீம்: எப்படிங்க பாக்கறது? நீங்கதான் சொல்லோணும்.

கேசவன்: நெஞ்சை நிமித்திட்டு நிக்கறான். கோட்டு அவனுக்கே தெச்ச மாதிரி. தோளு ஒரு இம்மி தொங்கலை. செவப்பு வெல்வெட்டு, சரிகை... அவங்கம்மா ராமாமணி மொத வரிசையில அழுகறா.

கரீம்: மூணாவது பொத்தான் கொஞ்சம் எறங்கித் தொங்குமே. தொங்குதுங்களா?

கேசவன்: ...ஆமா. தொங்குது.

கரீம்: அது எங்கோட்டுல மொத வருசத்துலருந்து அப்படித்தான். மாத்தோணும்னு நெனைப்பேன், மறந்துருவேன்.

கேசவன்: ராசா கோட்டு மன்றத்துச் சொத்துதானுங்களே பாய்...

கரீம்: மன்றத்துச் சொத்துதான். நான் இல்லைன்னு சொன்னனா? அண்ணா, அந்தக் கோட்டைத் தோளு புடிச்சுக் குடுங்கன்னு எப்பங்க எங்கிட்டக் கொண்டாந்தீங்க?

கேசவன்: எப்பவோ... ஞாவகமில்லை.

கரீம்: தீவாளிச் சட்டையெல்லாம் மேசை மேல குமிஞ்சு கெடந்த சமயம். பையன் காலேஜ் விழாவுல போட்டுக்கறானாமா, அவன் அளவுக்குச் சின்னதாக்கிக் குடுங்க பாய்னீங்க.

கேசவன்: ஆமா, காலேஜ் விழாவுக்குத்தான்.

கரீம்: நம்ம கமிட்டி கூடுனது மார்கழியில.

கேசவன்: மறுக்கா கை தட்டறாங்க பாய்.

கரீம்: சிங்காநல்லூருல எத்தனை டெய்லர் கடை இருக்குது. என்ற கோட்டைச் சின்னதாக்கறதுக்கு எங்கிட்டயே கொண்டாந்தீங்களே, அண்ணா.

கேசவன்: உங்களை உட்டா வேற ஆருகிட்டங்க குடுக்கறது? எங்கூட்டுல கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் நீங்கதானே...

கரீம்: அதைத்தான் நானும் சொல்றேன்.

கேசவன்: பாய்... பேரு படிக்கப் போறாங்க. வாங்க, மேடைக்கு முன்னால போலாம். என்ற இடுப்பை நல்லாப் புடிச்சுக்குங்க.

கரீம்: புடிச்சுட்டுத்தான் இருக்கேன்.

கேசவன்: இப்படி... இப்படி வாங்க. பாத்து, இங்க ஒரு படி.

கரீம்: மேடைக்கு முன்னால ஏதுங்க படி?

கேசவன்: பலகை போட்டிருக்காங்க... இந்த வருசம் புதுசா. இன்னொண்ணு. மெல்ல.

கரீம்: ஜெனரேட்டர் சத்தம் கிட்டக்கக் கேக்குது. அது பொறவாசல்ல அல்லங்க இருந்துது?

கேசவன்: சத்தந்தானுங்க... எங்க நின்னாலும் கேக்கும்.

கரீம்: காலுக்கடியில மண்ணு நரநரங்குது.

தம்பிதுரை (மைக்கில்): ராஜா, செல்வன் சாய்குமார்! சித்தி ராணி, திருமதி ராசாத்தாள்! மந்திரி... சேவகர்கள் நால்வர்... சாமரம் வீசிய தம்பிமார்... சாம்பிராணி போட்டவர், ஒலி, ஒளி... அனைவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி! கதை முடிந்தது, கரும்பு தயாராக இருக்கிறது, வரிசையில் வாருங்கள்!

கேசவன்: ...மறந்துட்டான் போல. அவசரத்துல குதிரையை உட்டுப்போட்டான். இருங்க, நான் போயி ஒரு சத்தம் போட்டுப்போட்டு...

கரீம்: வேண்டாமுங்க. மொதல்ல வயித்துக் கொக்கியைக் கழட்டறேன். ...அப்பாடி. நிமிந்து நிக்கறதுக்கு எத்தனை நேரமாச்சு.

கேசவன்: பாய், சத்தியமா எனக்கு...

கரீம்: தலையைக் கழட்டுங்க அண்ணா. குதிரை மூஞ்சியோட சத்தியம் பண்ணாதீங்க. கமிட்டியில ஆரும் எம்பேரை எடுக்கலையாமா. ராசாத்தாக்கா ரவிக்கை அளவு குடுக்க வந்தப்பச் சொல்லிப்போட்டாங்க. ஊரு நெலமை சரியில்லை, இந்த வருசம் பாய் மொகம் மேடையில வேண்டாம், பேரும் வேண்டாம்னு சொன்ன ஒரே வாயி உங்க வாயிதான்னு.

கேசவன்: ...பையனுக்கு ஒரு ஆசைங்க. படிப்பும் ஏறலை, வேலையும் தெகையலை. ஒருக்காலாச்சும் நாலு பேரு முன்னால தலையை நிமித்தி நிக்கட்டும்னு... வேற எதைச் சொன்னா அந்த வேசத்தை உங்ககிட்டருந்து வாங்கறது? ஊரே அந்தப் பேச்சைத்தான் பேசிட்டுக் கெடந்துது, நானும் அதையே சொல்லிப்போட்டேன். பேரு வேண்டாம்னு சொன்னது... மொகம் வேண்டாம்னு சொன்னவன் பேரை மட்டும் எப்படிங்க சொல்லச் சொல்றது?

கரீம்: எங்கிட்டக் கேட்டிருக்கலாமே.

கேசவன்: கேட்டா உட்டுக் குடுத்திருப்பீங்களா?

கரீம்: அந்தக் கிரீடத்தை நானே அவன் தலையில வெச்சுட்டு, கீழ உக்காந்து கை தட்டியிருப்பனுங்க. நான் தூக்கி வளத்த பையன்.

கேசவன்: ...தப்புத்தான் பாய். தப்புத்தான். இப்ப என்னங்க பண்றது? போங்க, மொதல்ல புள்ளையைப் போயிப் பாருங்க. மொத வரிசையில நின்னு உங்களைத்தான் தேடிட்டிருக்குது. படி எறங்கறப்பக்கூடப் பாத்தேன், அந்தப் பச்சைப் பாவாடை...

கரீம்: ரம்ஷாவும் அவ அம்மாவும் காத்தாலயே சாமானத்தோட வால்பாறை பஸ் ஏறிட்டாங்க, அண்ணா. அவ மாமன் அங்க எஸ்டேட்டுல கடை போட்டிருக்கான், நாங்க அங்கயே போறோம். அவ அழுததெல்லாம் நெசம். பேரைச் சொல்லமாட்டாங்கன்னு தெரிஞ்ச பொறகு கூட்டியார மனசு வரலை. நான் மட்டும் ஏன் வந்து இதுக்குள்ள குனிஞ்சேன்னா... பாக்கற ஓட்டை உங்ககிட்டத்தானே இருக்குது? மொத வரிசையில உங்க புள்ளையைக் காணமே பாய்னு ஒருக்கா, ஒரே ஒருக்காச் சொல்லியிருந்தீங்கன்னா, நாளைக்கே போயி ரெண்டு பேரையும் திருப்பிக் கூட்டியாந்திருப்பனுங்க.