பெயரில்லாத பொத்தான்கள்

எவ்வளவு பேசினாலும் மணியடிக்க மனம் வராத அவைத்தலைவி அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைப்பேசியைப் பார்க்கும் பெரியோர்களே! பிள்ளைகள் கணினியில் என்னதான் செய்கிறார்கள் என்று விளங்காமலே பெருமைப்படும் தாய்மார்களே! ப்ளோவ்டிவ் நகரத்து நிரலர் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

மண்ணுக்காகப் போரிட்டவர்களை அறிவீர்கள். மகுடத்துக்காகப் போரிட்டவர்களை அறிவீர்கள். அரைப்புள்ளிக்காகப் போரிட்டவர்களை அறிவீர்களா? நான் அறிவேன்! பேருந்துச் சீட்டு விற்கும் ஓர் இணையதள அலுவலகத்தில், அவர்கள் இருவருக்கும் நடுவே அமர்ந்து சோதனைப் பணி செய்தவன் நான்.

ஒருவர் லச்செசார். நிரலின் ஒவ்வொரு வரியையும் அரைப்புள்ளியிட்டு முடிப்பவர். மற்றவர் திஹோமிர். அதைக் கண்ட இடத்தில் அழிப்பவர். காலையில் இவர் வைப்பார், மாலையில் அவர் எடுப்பார். முன்வரிசையில் சிரிக்கிறீர்கள், உங்கள் அலுவலகத்திலும் உண்டு போலும்!

குழுத்தலைவி ரதொஸ்தினா ஒருநாள் பொறுமை இழந்தார். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இனிமே மெஷின் தீர்ப்பு சொல்லட்டும்" என்றார். நிரலைப் படித்துக் குறை சொல்லும் லின்ட்டர் என்ற கருவியை நிறுவினார். பார்வையற்றோரும் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் ஒரு செருகுநிரலையும் அதோடு சேர்த்தார்.

கருவியை ஓட்டினோம். திரை முழுவதும் சிவப்பு! ஆனால் அரைப்புள்ளிகளை அது தானே திருத்திக்கொண்டது. கோப்பைச் சேமித்தால் போதும், இமைக்கும் நேரத்தில் எல்லாம் ஒரே சீர். ஆறு மாதப் போர் அப்படியே அடங்கிப்போனது.

எஞ்சிய சிவப்பெல்லாம் ஒரே புகார்: 'இந்தப் பொத்தானுக்குப் பெயர் இல்லை.'

"படந்தான் போட்டிருக்கோமே, அதுக்குப் பேரு வேற வைக்கணுமா?" என்றார் லச்செசார்.

"அதானே! அந்த விதியை அணைச்சுப் போடு" என்றார் திஹோமிர்.

அவையோரே, அவர்கள் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது! அமைப்புக் கோப்பில் ஒரு வரி. விதி உறங்கியது. திரை பச்சையானது. பானிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் வரவழைத்துப் பங்கிட்டு உண்டோம். தலைவிக்கோ சண்டை ஓய்ந்ததே போதுமென்று இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் ஸப்ரியான், அக்கார்டியன் கற்பிப்பவர், பார்வையில்லாதவர். மறுநாள் மாலை ருசே நகரில் அவர் மகளுக்குத் திருமணம். மகள் முன்பே எடுத்துத் தந்திருந்த பேருந்துச் சீட்டில் புறப்படும் நேரத்தைப் பார்க்கத் தளத்தைத் திறந்திருக்கிறார். திரையில் இருப்பதை அவர் கைப்பேசி வாசித்துச் சொல்லும். அன்று அது சொன்னது என்ன? "பொத்தான். பொத்தான். பொத்தான்."

"தம்பி, இதுல எதைத் தொட்டா நேரம் தெரியும்?"

"அந்தப் பச்சைப் பொத்தானைத் தொடுங்கண்ணே" என்றார் லச்செசார்.

"பச்சையா? அது எப்படிப்பா சத்தம் போடும்?"

லச்செசார் தொலைபேசியை என் கையில் திணித்தார்.

"சரி விடு. ஏற்கெனவே ஒண்ணைத் தொட்டுட்டேன். அதுக்கப்புறம் என் சீட்டையே காணோம்."

தேடிப் பார்த்தேன். அவர் தொட்டது ரத்துப் பொத்தான்! அவர் இருக்கை விற்றுப்போயிருந்தது. வேறு பேருந்திலும் இடமில்லை. எப்படிச் சொல்வது? தலைவிதான் சொன்னார். மறுமுனையில் வசவு இல்லை, கூச்சல் இல்லை. "அப்ப எம்பொண்ணை யாரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா?" என்று மட்டும் கேட்டார்.

திஹோமிர் எழுந்தார். "உன் கார் ஓடுமா?"

"நீ வாயை மூடிக்கிட்டு வந்தா ஓடும்" என்றார் லச்செசார்.

மறுநாள் காலை ஸப்ரியானையும் ஏற்றிக்கொண்டு மூவருமாக மலை கடந்து ருசேக்குப் போனார்கள். வழியெல்லாம் ஸப்ரியானின் கைப்பேசி தளத்தை வாசிக்க, அதைக் கட்டிய இருவரும் முதன்முறையாகத் தங்கள் படைப்பைக் காதால் கேட்டார்கள். "நிறுத்துங்கண்ணே, தாங்கல" என்று கெஞ்சினாராம் திஹோமிர். அவரோ, "நான் தினமும் தாங்குறேன்ல, கேளு!" என்றாராம். தேவாலய வாசலில் மகள் கைநீட்டி நின்றாள். தந்தை வந்து பற்றிக்கொண்டார்.

திங்களன்று விதியை மீண்டும் எழுப்பினார்கள். அதுவும் வெறும் எச்சரிக்கையாகவா? இல்லை! மீறிய நிரல் தளத்துக்குள் நுழையவே முடியாத தடையாக! அரைப்புள்ளியைக் கருவி திருத்தும். அடைப்புக்குறியைக் கருவி திருத்தும். ஆனால் ஒரு பொத்தான் எதற்காக இருக்கிறது என்று கருவி அறியுமா? யாருக்காக இருக்கிறது என்று அறியுமா? அதை மனிதன் அல்லவா சொல்ல வேண்டும்! ஒவ்வொன்றாக உட்கார்ந்து பெயர் வைத்தார்கள்.

ரத்துப் பொத்தானில் மட்டும் மறுபடி தகராறு. 'ரத்து' போதும் என்றார் ஒருவர்; 'சீட்டை ரத்து செய்' என்று வேண்டும் என்றார் மற்றவர். கடைசியில் ஸப்ரியானையே அழைத்துக் கேட்டார்கள்.

அவர் சொன்னார்: "என்ன பேரு வேணா வைங்கப்பா. தொட்டதும், 'நெசமாத்தானா?'ன்னு ஒருவாட்டி கேக்கச் சொல்லுங்க."

அந்தக் கேள்வி இன்றும் தளத்தில் இருக்கிறது. கொட்டாவியை மறைத்துக் கைதட்டிய நல்லிதயங்களுக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!