மெய்-ஃபாங்கின் நான்கு பெயர்கள்

இந்தக் காவல் நிலையத்தில் ஊலோங் தேநீர் நன்றாக இருக்கிறது. என் மனைவி போட்டால் கசக்கும். முன்னாள் மனைவி என்று திருத்திக்கொள்கிறேன் மேடம், நீங்கள் அடிக்கோடு போடுவதற்குள்.

என் பெயர் காவ் யீ-செங். தைச்சுங் நகரத்தில் கடைகளுக்கு இணைய முகவரி வாங்கிக் கொடுப்பது தொழில். பல் டாக்டர், நாய்க்கு முடி வெட்டுகிறவர் என்று எல்லோருக்கும் இன்று ஒரு முகவரி வேண்டும். ஆனால் அது வாடகை வீடு மாதிரிதான். வருஷா வருஷம் கட்ட வேண்டும். மேலே ஒரு அலுவலகம் இருக்கும். யாராவது அழுதுகொண்டே ஒரு புகார் அனுப்பினால் பிடுங்கிவிடுவார்கள்.

மெய்-ஃபாங் அப்படித்தான் செய்தாள். அவள் என்னை விட்டுப் போன பிறகு, அவள் பெயரிலேயே ஒரு முகவரி பதிந்து எங்கள் குடும்பக் கதையைப் போட்டிருந்தேன். கல்யாணப் படங்கள், அவள் சாப்பிடும் தூக்க மாத்திரை, புதிதாகக் குடிபோன வீட்டின் வாசல். எல்லாம் உண்மை. அவள் பியானோ சொல்லித் தருகிறவள். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஆசிரியை யாரென்று தெரிய வேண்டாமா? அவள் புகார் கொடுத்ததும் அலுவலகம் முகவரியைப் பறித்துக்கொண்டது. எனக்கு ரொம்ப வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பிளாக்செயின் பெயர்களின் அருமை அப்போதுதான் புரிந்தது. அங்கே வருஷ வாடகை இல்லை, அலுவலகம் இல்லை, அதிகாரி இல்லை, அழுகையைக் கேட்கக் காதும் இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பதிவேடு. சாவி யாரிடம் இருக்கிறதோ, பெயர் அவருடையது. சாவி என்பது சில ரகசியச் சொற்கள்தான். ஒரே குறை, சாதாரண பிரவுசரில் அந்தப் பெயர்கள் திறக்காது. சுதந்திரம் வந்துவிட்டது, கதவுதான் வரவில்லை என்று எங்கள் தொழிலில் கேலி செய்வோம். அதற்கும் பாலம் போட்டுத் தரும் தளங்கள் உண்டு. மெய்-ஃபாங் பெயரை அங்கே பதிந்து, பாலத்தின் இணைப்பைப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பினேன். வகுப்பு காலியாயிற்று.

அவள் பெயரை மாற்றிக்கொண்டாள். நம் ஊரில் இது பெரிய விஷயமா? மீன் பெயர் உள்ளவர்களுக்குச் சாப்பாடு ஓசி என்று ஒரு கடை அறிவித்ததும், மீன் என்றே பெயர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சட்டம் மூன்று முறை அனுமதிக்கிறது. ஆனால் அவள் செய்த தவறைப் பாருங்கள். எங்கள் கல்யாணத்துக்கு நாள் குறித்த அதே மாஸ்டர் ஷுவேயிடம்தான் பெயர் பார்க்கப் போனாள். அவள் அம்மாவுக்கு வேறு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. நான் ஒரு பெட்டி அன்னாசிக் கேக்குடன் அவரைப் பார்த்தேன்.

"மாப்ளே, கவலையே படாதே. யுன்-சின் அப்படின்னு வெச்சிருக்கேன். ஒவ்வொரு எழுத்துலயும் எத்தனை கோடுன்னு எண்ணிப் பாத்தா ராணி யோகம். இனிமே எந்தப் பீடையும் அவகிட்ட ஒட்டாது."

"ரொம்ப சந்தோஷம் மாஸ்டர். எப்படி எழுதணும்னு ஒரு தடவை எழுதிக் காட்டுங்க."

அவள் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போதே அந்தப் பெயரிலும் ஒரு பிளாக்செயின் முகவரி என்னிடம் இருந்தது. அதைத் திறந்தாலும் அதே பக்கம்தான் வரும். பீடை ஒட்டிக்கொண்டே வந்ததால் அவள் மறுபடி மாஸ்டரிடம் போனாள். கோடு கொஞ்சம் குறைந்துவிட்டது என்றாராம். நானும் மறுபடி கேக் வாங்கினேன். மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகு அவளே போன் செய்தாள்.

"யீ-செங், சட்டப்படி எனக்கு இதுதான் கடைசி. இதுக்கு மேல ஓடுறதுக்கு இடமில்ல. விட்டுடேன்."

"நான் எங்கடி புடிச்சேன்? உன்னை மறந்தே ரொம்ப நாளாச்சு."

நான் சொன்னது உண்மை. இப்போது லுகாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாளாம். பெயர் கேட்டால் மழுப்புகிறாளாம். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் சாவியைக் கேட்டீர்கள். ஆவிகள் மாதத்தில், கோயில் உலையில் எல்லோரும் செத்தவர்களுக்காகக் காகிதப் பணம் எரித்தபோது, அந்த ரகசியச் சொற்கள் எழுதிய தாளையும் எரித்துவிட்டேன். மனப்பாடமும் செய்யவில்லை. எனக்கு இளகிய மனசு மேடம். என்றாவது இரக்கப்பட்டு அழித்துவிடுவேனோ என்று பயந்தேன். இனி நீங்களோ நீதிமன்றமோ நானோ அதில் கை வைக்க முடியாது. அவள் செத்த பிறகும் இருக்கும். செய்தது நான்தான், முழு மனதோடு செய்தேன்.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலையில் நீங்கள் ஒரு தாளைக் காட்டி, "மிஸ்டர் காவ், இந்த வருஷம் பூரா அந்தப் பக்கத்துக்கு தினம் ஒரே ஒரு ஆள்தான் வந்திருக்காங்க. உங்க கடை கம்ப்யூட்டர்லேருந்து," என்றீர்கள். தினம் ஒருவர் வருவது எனக்கும் தெரியும். அது மெய்-ஃபாங். அவள் வந்தாளா என்று பார்க்கத்தான் நான் தினமும் போவேன். அதைப் போய் வருகை என்று எண்ணுவார்களா? என்னைக் கழித்துவிட்டு மறுபடி எண்ணிச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.