காவடிக்குப் பின்னால் மலையேறிய ஏட்டையாவுக்கு

தணிகை மலையடிவாரக் காவல் நிலையத்தின் தகைசால் தலைமைக் காவலரே! அஞ்சா நெஞ்சரே! அன்பின் உறைவிடமே! முப்பதாண்டுப் பணி முடித்து இன்று ஓய்வு பெறும் எங்கள் ஏட்டையா எலியாஸ் அவர்களே! உடன் உழைத்த காவலர் உளம் உவந்து அளிக்கும் மடல் இது.

நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் தங்களை இருத்திவைத்துக்கொண்டு, தங்களைப் பற்றி அவையோருக்குச் சொல்கிறோம்.

பெரியோரே! எலியாஸ் அவர்கள் கண்டிப்பில் கருங்கல், கருணையில் கற்கண்டு, பாடுவதில் மட்டும் படுமோசம். இரவு ரோந்தில் அவர் ஞானப்பாட்டை எடுத்தால் பாதித் திருடர் அப்பொழுதே ஊரைக் காலிசெய்வர்.

குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த காலம். பிறந்த குலத்தையே குற்றமாக்கி, இன்னார் நிலையத்துக்கு வந்து ஆஜர் சொல்ல வேண்டும், அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டக்கூடாது என்று கட்டிப்போட்ட சட்டம் அது. போதாததற்கு எங்கள் நிலையத்துக்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் களவு நடக்கும் என்று, முதல்நாள் பரணியன்றே அவர்களைக் கொண்டுவந்து அடைத்துவிடுவோம்.

ஓர் ஆண்டு, கூடை முடையும் வீரபத்திரன் தாமாகவே வந்து நின்றார். மனைவி எல்லம்மாள் பிரசவத்தில் செத்துப் பிழைத்திருந்தார். “இந்த ஒரு நாளு மட்டும் என்னைப் பூட்டாதீங்க ஐயா. காவடி வேண்டிக்கினு இருக்கேன்” என்றார்.

ஏட்டையாவுக்கு மனம் பொறுக்கவில்லை. ஆஜர் சொல்லத்தானே சட்டம், குற்றம் செய்யாதவனை அடைக்க எந்தப் பிரிவில் இடமிருக்கிறது என்று மேலதிகாரியிடமே கேட்டுவிட்டார். களவு போனால் யார் பொறுப்பு என்று அதிகாரி சீறினார். நானே கூடப் போகிறேன், நானே பொறுப்பு என்றார் இவர்.

பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காவடிக்குப் பின்னாலேயே படியேறினார். காவடிக்காரர் காலுக்கு நீர் ஊற்றிய பெண்கள் இவரும் நேர்ந்துகொண்டவர் என்றெண்ணி, இவர் காலுக்கும் ஊற்றி நெற்றி நிறையத் திருநீறும் பூசிவிட்டார்கள். வீரபத்திரன் மேலிருந்து பார்வை விலகிவிடுமே என்று அவர் அதைத் துடைக்கவும் இல்லை. வீட்டில் மனைவி தேவசுந்தரியம்மாள் என்ன சொன்னார் என்பதை ஏட்டையா இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை.

மலைமேல் ஒரு சங்கிலி காணாமற் போயிற்று. காவடியை இறக்கிய கையோடு வீரபத்திரனுக்கு விலங்கு விழுந்தது. வழக்கு வந்தபோது, போலீஸுக்கு எதிராகப் போலீஸ்காரரே சாட்சிக் கூண்டேறினார். வேலை போய்விடும் என்று நாங்கள் கெஞ்சியும் கேட்கவில்லை.

“அவன் ரெண்டு கையும் காவடியில இருந்துதுங்க. என் ரெண்டு கண்ணும் அவன் மேல இருந்துதுங்க” என்றார்.

வீரபத்திரன் விடுதலையானார். ஏட்டையாவுக்கு வரவேண்டிய சப்-இன்ஸ்பெக்டர் பதவி கடைசிவரை வரவில்லை. ஆனால் மறு ஆண்டு முதல் பரணியன்று எங்கள் நிலையத்தில் எவரையும் அடைக்கவில்லை. சென்ற ஆண்டு அந்தச் சட்டமே ஒழிந்தது.

ஐயா! தங்கள் தோளில் நட்சத்திரம் ஏறாததில் எங்களுக்கு இன்னும் ஆறாத கோபம், தங்களுக்குத்தான் இல்லை. தேவசுந்தரியம்மாளோடு நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க!

இம்மடலில் எங்கள் கையெழுத்துகளுக்குக் கீழே ஒரு கைநாட்டும் இருக்கிறது. ஆஜருக்கும் அனுமதிச் சீட்டுக்கும் இந்த நிலையத்தில் எத்தனையோ முறை வைத்த விரல்தான் அது. யாரும் கேட்காமல், தாமே விரும்பி வீரபத்திரன் வைத்தது இதுவே முதல்.

திருத்தணி,
சர்வதாரி ஆண்டு, ஐப்பசித் திங்கள்.

அடிவாரக் காவல் நிலையத்தார்
வீரபத்திரன், கைநாட்டு