சங்கத்தின் அசலைக் கரடி தின்ற விவரம்

பெயர் ஹரலாம்பி ஸ்தோய்கா. வயது அறுபத்திரண்டு. பிராசோவ் மலையடியில் கொஸ்தேனி கிராமம், தேவாலயத்துக்குப் பின்னால் நீலக் கதவு வீடு. ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. சர்க்கஸிலிருந்து மீட்ட கரடிகளைப் பராமரிக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொருளாளர். கார்பாத்திய மலைக்கு இந்தப் பக்கம் என்னைவிட யோக்கியன் பிறந்ததில்லை. அந்தப் பக்கம் விசாரித்ததில்லை. சங்கப் பணத்தை நான் விழுங்கிவிட்டதாகவும், என்னைச் சிறையில் போட வேண்டும் என்றும் உறுப்பினர் பிலிமோன் இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின்பேரில், எவர் தூண்டுதலும் இன்றிச் சொல்வதாவது:

சென்ற குளிர்காலத்தில், ஒரு புண்ணியவதி உயிலில் விட்டுச்சென்ற பணத்தை எதில் போடுவது என்று சங்கம் கூடியது. அசலைத் தொடாமல், வருமானத்தில் மட்டும் கரடிகளுக்குத் தீனி வாங்க வேண்டும் என்பது உயிலின் நிபந்தனை. பிலிமோன் மரம் வெட்டும் கம்பெனியின் பங்குகளை வாங்கச் சொன்னார். "லாபம் கொட்டும்யா" என்றார்.

அதற்கு நான், "ஏன்யா, கரடி குடியிருக்கிற காட்டை வெட்டி வித்து அதுக்கே ஆப்பிள் வாங்கிப் போடுவியா? கரடி மூஞ்சியில எப்படி முழிப்பே?" என்று கேட்டேன்.

தலைவி ஒர்த்தான்சா டீச்சர் மேஜையைத் தட்டி, "நம்ம நோக்கத்துக்கு விரோதமான வருமானம் நமக்கு வேண்டாம்" என்று முடித்தார். அதன் பிறகு நான் தேனீ வளர்ப்பை முன்மொழிந்தேன். பாவமில்லாத தொழில், காட்டுக்கும் நல்லது. கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. "எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டாதீங்க, பாதியாவது பேங்குல கிடக்கட்டும்" என்று டீச்சர் சொன்னது உண்மை. கைதட்டலில் எனக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு மொத்தப் பணத்துக்கும் தேனீப் பெட்டிகள் வாங்கி, கரடிப் பண்ணையை ஒட்டிய மரங்களின் கீழ் வைத்தேன். "கரடிக்குப் பக்கத்துலயா வைக்கிறே?" என்று பிலிமோன் கேட்டார். நடுவே மின்வேலி இருப்பதைக் காட்டினேன்.

அதன் பிறகு ஜூலையில் புனித இலியே திருநாள் வந்தது. அன்றுதான் நாங்கள் முதல் தேன் எடுப்போம். அருகில் யார் நின்றாலும் ருசி பார்க்கக் கொடுப்போம். அன்று இலியே வானத்தில் தேரோட்டி இடி முழக்குவார் என்பதும் ஊரறிந்தது. இடி விழுந்து, சங்கத்தின் சொத்தான மின்வேலிக் கருவி கருகிவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியால் அதன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தேனீ கொட்டாமலிருக்கப் போடும் முகத்திரையை எடுக்க வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது, சர்க்கஸில் சைக்கிள் ஓட்டிய சம்ஃபிரா என்ற பெண் கரடி கடைசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது விட்ட ஏப்பத்தில் பக்கத்து ஊர்க் கோயில் மணி தானாக அடித்ததாம். தேனீக்கள் கொட்டி மூக்கு பூசணிக்காயாக வீங்கியிருந்தும், அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதுவரை கண்டதில்லை.

அதன் பிறகு பிலிமோன் ஓடிவந்து, "அசல் எங்கய்யா?" என்று என் சட்டையைப் பிடித்தார். நான் சம்ஃபிராவைக் காட்டினேன். "பெட்டியை வித்துத் தின்னுட்டு வாயில்லாத ஜீவன் மேல பழி போடுறியே!" என்று கத்திவிட்டு, நேராக இங்கே வந்து புகார் எழுதியிருக்கிறார். சம்ஃபிராவின் மூக்கை அதிகாரி ஐயா நேரில் பார்க்கலாம். வீக்கம் இன்னும் வடியவில்லை.

வேலியை அணைத்தது நான். பணத்தை ஒன்றிலேயே போட்டதும் நான். ஆகவே, குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கரடிகள் வயிறு நிரப்ப, என் தோட்டத்துப் பிளம் பழம் முழுவதையும் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வருடம் என் வீட்டில் பிளம் சாராயம் காய்ச்சப்படாது என்பதைக் கண்ணீருடன் பதிவு செய்கிறேன்.

மோசடி என்பதை மட்டும் மறுக்கிறேன். அலுவலகச் செலவு, பயணப்படி, டீ செலவு எதுவும் கழியாமல், இப்படி முழுதாக உரியவர் வயிற்றுக்கே போய்ச் சேர்ந்த தர்மப் பணம் ஐரோப்பாவில் வேறு கிடையாது.

வாசித்துக் காட்டக் கேட்டேன். சொன்னவை யாவும் உண்மை; பெரிதாகச் சொன்னவை அதைவிட உண்மை.

(ஒப்பம்) ஹரலாம்பி ஸ்தோய்கா