திருநீறு பூசிய பேய்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் சொன்னது காதில் விழுந்தது.

"நேத்துத்தாண்ணே என்னையப் பாத்து மொதமொதல்ல ஒருத்தர் அலறுனாரு."

பொருட்காட்சிப் பேய்வீட்டில் அவர்தான் பேயாம். பக்கத்திலிருந்தவர், மதுரையில் பேய்வேஷக்காரர்களுக்கு நடந்த பயிற்சி முகாமில் முகத்துக்குச் சாயம் பூசச் சொல்லிக்கொடுத்தவர்.

"ஏலே, முகாம்லயே சொன்னேன்லா, மூஞ்சி பூராம் கருப்படிச்சிட்டு நெத்தியில திருநீறு பூசுனா எவன்லே பயப்படுவான்?"

"வேலைக்குப் போகையில பூசிப் பழகிட்டேன்ணே. எல்லாரும் சிரிச்சாக. இந்த வாரமும் எவனும் அலறலேன்னா வீட்டுக்குப் போயிருன்னுட்டாரு மொதலாளி. நீங்க முகாம்ல சொன்ன பொறவுதான் நெஞ்சுல பூசி, சட்டையப் போட்டு மறைச்சேன்."

"அலறுனது யாருலே?"

"மொதலாளிதான்ணே. வேலை நெலச்சிருச்சு. எங்கிட்டயே திருநீறு வாங்கிப் பூசிட்டுப் போறாரு."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது, அண்ணன் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், அவருடைய சாயப்பெட்டியைப் பேய்தான் தூக்கிக்கொண்டு நடந்தது.